பாம்புச் செவிக்காரர்

எங்கள் சவுண்டு எஞ்சினியருடைய காதுக்கு இரண்டே வேலைகள்தான் என்று ஸ்டுடியோவில் கேலி செய்வார்கள். ஒன்று, பென்சில் செருகிக்கொள்வது. இன்னொன்று, பெண்களின் வளையலைக் கழற்ற வைப்பது.

வளையல் விஷயத்தில் அவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. படப்பிடிப்பு நடக்கும் கூடத்தின் கதவருகே நின்றுகொண்டு, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையையும் காலையும்தான் பார்ப்பார். கண்ணாடி வளையல், கொலுசு, கஞ்சி போட்ட வேட்டி, புதுப் பட்டுப் புடவை எதற்கும் உள்ளே இடமில்லை. மகாராணி வேஷம் போட்டவளுக்குக்கூட விலக்குக் கிடையாது. ஒரு நாள், கல்யாணமான ஓர் அம்மாள் வளையலைக் கழற்ற முடியாது என்று அழுதே விட்டாள். அவர் தவித்துப்போய்த் தன் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, "கழட்ட வேண்டாங்க அம்மணி, இதைச் சுத்திக் கட்டிக்குங்க, அது போதும்" என்றார். அதிலிருந்து நாங்கள் எல்லோரும் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, அடிபட்டவர்கள் மாதிரி திரிந்தோம். காமிராவுக்கு முன்னால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வசனம் பேசினோம்.

"அந்த மனுசனுக்குப் பாம்புச் செவிங்க" என்று மேக்கப்காரரிலிருந்து தோட்டக்காரர் வரை பேசிக்கொள்வார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

கோயமுத்தூருக்குக் கிழக்கே, பஞ்சுக் கிட்டங்கியாக இருந்த கட்டடம்தான் எங்கள் ஸ்டுடியோ. பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். சுவரெல்லாம் சாக்கும் தேங்காய் நார்ப் பாயும் தொங்கவிட்டு, எதிரொலி வராமல் செய்திருந்தார்கள். உத்தரத்தில் எங்கோ மிச்சமிருந்த பஞ்சு அவ்வப்போது பறந்து வந்து, முகத்துச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். அவருக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த தனி அறை. கோடையிலும் கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டுடன் அதற்குள்ளே உட்கார்ந்திருப்பார். அன்னூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மில்லில் எலெக்ட்ரிக் போர்மனாக இருந்து, தபாலில் ரேடியோப் பாடம் படித்துச் சவுண்டு எஞ்சினியராக வந்தவர். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. யாராவது 'சவுண்டு பாக்கறவரு' என்று சொன்னால் திரும்பியே பார்க்க மாட்டார். 'எஞ்சினியர்' என்றால்தான் திரும்புவார்.

'நல்லாருக்குது' என்கிற வார்த்தை மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. சமையற்காரர் ரசம் ஊற்றிவிட்டு, "நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டால், "எந்த எடத்துல கேக்கறீங்க? புளி முன்னால நிக்குது, மொளகு பின்னால வருது, நடுவுல ஒண்ணுமே இல்லீங்களே" என்பார். குடை வாங்கப் போனவர், எவ்வளவு காற்றுக்கு மடங்கும் என்று எழுதிய காகிதம் உண்டா என்று கேட்டு, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்தார். மைக் பெட்டியைத் திறந்தாலும் மைக்கை எடுக்க மாட்டார். அதோடு வந்த காகிதத்தைத்தான் முதலில் எடுப்பார். கட்டம் போட்ட அந்தக் காகிதத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு ஓடும். எந்தெந்தச் சத்தத்தை அந்த மைக் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதை அந்தக் கோடு காட்டும். யார் எதைச் சொன்னாலும், "காதை உடுங்க, கோட்டைப் பாருங்க" என்று முடித்துவிடுவார். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும்.

பாம்புச் செவியும் ஒருமுறை சறுக்கியது. ஒரு சோகக் காட்சியைப் படமெடுத்து மறுநாள் போட்டுப் பார்த்தால், வசனத்தோடு ஒரு சில்வண்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அழுதுகொண்டிருந்தது. காதில் போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எப்படி விட்டார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மறுநாளிலிருந்து தினமும் காலையில் வேப்பிலைப் புகை போட்டுக் கூடத்தைக் காலி செய்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார். ரோஷக்காரர் என்று பேசிக்கொண்டோம்.

நான் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவள். சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. கொட்டகையில் கடைசி வரிசையில் முட்டை விளக்கடியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும் என்று பழக்கிய தொண்டை என்னுடையது. எட்டவும் செய்தது. அதை நம்பித்தான் ஸ்டுடியோ முதலாளி என்னைக் கதாநாயகியாகப் போட்டார். கம்பெனியை விட்டு நான் கிளம்பிய வாரமே என் வேஷத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பிப் போக எனக்கு வழியில்லை.

முதல் பாட்டைப் படமெடுத்துத் திரையில் போட்டுப் பார்த்த நாளை நான் இன்றும் மறக்கவில்லை. திரையில் என் வாய் திறந்தது. தகரத்தில் ஆணியை வைத்து இழுத்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். மேலே போகப் போக இன்னும் மோசம். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த டைரக்டர் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு கத்துறதை எவன் உட்கார்ந்து கேட்பான்?" என்றார். பின்னாலிருந்து வந்து, "நொம்ப இனிமையா இருந்துச்சுங்க அம்மணி" என்று சொன்னவர் எஞ்சினியர் ஒருவர்தான். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அல்லது பரிதாபப்பட்டுப் பொய் சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரை எரித்துவிடலாம் போல இருந்தது.

டைரக்டர் ஒரு யோசனை சொன்னார். நான் காமிரா முன் நின்று வாயசைத்தால் போதும், செட்டில் இருக்கும் தென்னை மரத்துக்குப் பின்னால் வேறொரு பெண்ணை நிறுத்திப் பாட வைக்கலாம். அந்தப் பேச்சு வெளியே போனால் நான் தீர்ந்தேன். மைக்குக்கு ஒத்துவராத குரல் என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் எந்தப் படக் கம்பெனிக்காரர் கூப்பிடுவார்? பாட்டைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்த அந்த இடைவெளியில்தான் எஞ்சினியர் எனக்கு ஆள் அனுப்பினார். "அம்மணி சித்தெ வந்து பாடட்டும், குரலுக்குக் கோடு போடோணும்" என்று செய்தி. எனக்கு வந்த கோபத்தில், மைக்குக்குக் கோடு போட்டது போதாதென்று என் தொண்டைக்குமா என்று நினைத்து, இரண்டு கையிலும் வளையலை நிறையப் போட்டுக்கொண்டு, துணி சுற்றாமல், முந்தானைக்குள் கையை மறைத்தபடி உள்ளே போனேன். அவரைச் சீண்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் அறையில் ஒரு பெட்டி இருந்தது. குமிழைத் திருப்பினால் குரலில் ஒரு பகுதியை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வடிகட்டிவிடும். விட்டது எவ்வளவு என்று ஓர் ஊசி ஆடிக் காட்டும். நான் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும், அவர் குமிழைத் திருப்பித் திருப்பி ஊசியைப் பார்த்துக் காகிதத்தில் புள்ளி வைப்பார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் போன்கூட மாட்டவில்லை. நான் பாடி நிறுத்தியதும் கையை வெளியே எடுத்து வளையலை நன்றாகக் குலுக்கினேன்.

அவர் துள்ளி எழுந்து சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஊசியையே பார்த்தார். "அம்மணி, ஊசி ஆடுதுங்களே. என்னமோ சத்தம் வருது" என்றார். பிறகு தலையைத் தூக்கி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "பல்லியாட்ட இருக்குதுங்க."

அவருக்கு ஒரு முழம் பின்னால் நான் இன்னும் வளையலைக் குலுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குக் கை நின்றுவிட்டது. சில்வண்டு, வேப்பிலைப் புகை, மணிக்கட்டுத் துணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மனசில் விழுந்தன. இந்த மனிதருக்கு அதெல்லாம் கேட்காது. பிலிமில் விழுந்தால்கூடத் தெரியாது என்பதால்தான் எதையும் உள்ளே விடாமல் வாசலிலேயே நின்று மறித்திருக்கிறார். என் பிழைப்பு ஒரு செவிடரின் கையிலா மாட்ட வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்தது.

"ஏனுங்ணா, இது உங்களுக்குக் கேக்குலீங்களா?" என்று கேட்டு, அவர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக் குலுக்கினேன்.

வளையலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் மைக் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, சாக்குக்கட்டியை எடுத்துக் கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இது நீங்க பாடுன கண்டென்சர் மைக்குங்க. இக்கட்டால மிருதங்கம், ஆம்பளைக் கொரலு. அக்கட்டால போகப்போகப் புல்லாங்குழல், வளையல். கோடு சமமா உழுத காடாட்ட இருந்தா, வந்த சத்தத்தை வந்தபடியே வாங்கிக்கும். இங்க பாருங்க, மேடு. இந்த எடத்துச் சத்தம் வந்தா ஒண்ணை ரெண்டாக்கிப்போடும்." அதன் கீழே இன்னொரு கோடு. "இது உங்க கொரலு. இப்பத்தான் புள்ளி வெச்சேன். கடைசி வரிசைக்குக் கேக்கோணும்னு பாடிப் பாடி, உங்குளுக்கும் அதே எடத்துல மேடு. மேட்டு மேல மேட்டை ஏத்துனா குத்தாம என்னங்க செய்யும்? கொரல்ல குத்தமில்லீங்க."

மூன்றாவதாக ஒரு கோடு போட்டார். நேராக வந்து, அந்த மேடு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி செங்குத்தாக விழுந்தது.

"இது எந்த மைக்குங்க?" என்றேன்.

"என்ற காதுங்க."

மில்லில் நூற்கும் கூடத்தில் மோட்டார்களோடு மோட்டாராகப் பல வருஷம் நின்றதில் போனதாம். போனதே அவருக்குத் தெரியாது. ஸ்டுடியோவுக்கு வந்த புதிதில், மைக்கைச் சோதிக்கச் சுருதி போடும் மிஷினின் குமிழைத் திருப்பிச் சுருதியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு இடத்துக்கு மேல் சத்தம் வரவில்லை. "பொட்டி ரிப்பேருன்னு நெனச்சேனுங்க. பூராத்தையும் பிரிச்சுப்போட்டேன். பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு." அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோடில்லாத மைக்கே இல்லீங்க அம்மணி. எந்த மைக்குலயும் ஒரு எடத்துல மேடு, ஒரு எடத்துல பள்ளம். என்றதும் ஒரு மைக்குத்தான். பள்ளம் எங்கன்னு எனக்குத் தெரியும். அதுதான் காதை உட்டுப்போட்டுக் கோட்டைப் பாக்கறேன்."

"முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"அனுப்பிப்போடுவாருங்க. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. கண்ணு தெரியாத காமிராக்காரனை ஆராச்சும் வெச்சுக்குவாங்களா?" என்றார். சாக்குக்கட்டிக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, அது வெள்ளையானதைப் பார்த்து வருத்தப்பட்டார். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லக் கூடாதென்று அவர் கேட்கவேயில்லை.

வாத்தியக் கோஷ்டிக்கென்று வாங்கிய ரிப்பன் மைக் ஒன்று அலமாரியில் இருந்தது. அதன் கோட்டில் மேடு இல்லை. முதலிலிருந்து சமமாக வந்து கடைசியில் மெல்ல இறங்கியது. அதில் என்னைப் பாட வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றார். பெண் குரலுக்கு அது மந்தமாக இருக்கும் என்று டைரக்டர் குறுக்கே விழுந்தார். இவர் காகிதத்தை விரித்தார். டைரக்டர் காகிதத்தைப் பார்க்கவே மறுத்தார்.

முதலாளி பருத்தி வியாபாரத்தில் வளர்ந்தவர். கோட்டிலும் அவருக்கு நம்பிக்கையில்லை, டைரக்டரிலும் முழு நம்பிக்கையில்லை. "எந்தத் தோட்டத்துப் பஞ்சுன்னு சொல்லிக் குடுத்தா எனக்குக் கை ஓடாதுங்க. பேரைச் சொல்லாம சாம்பிளைக் குடுங்க, விரல்ல இழுத்துப் பாத்துச் சொல்லிப்போடறேன். இதுக்கும் அப்படியே செஞ்சுபோடலாம்" என்றார். ஒரே பாட்டை இரண்டு மைக்கிலும் நான் பாட வேண்டும். எது முதலில் வருகிறது என்பது படம் ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியும். கேட்டுப் பார்த்து, இரண்டும் தேறாவிட்டால் தென்னை மரத்துக்குப் பின்னால் வேறு பெண்.

பாடினேன். ரிப்பன் மைக்குக்கு என்னை இரண்டு முழம் தள்ளி நிறுத்தினார். "கிட்ட வந்தா அடிச் சத்தம் பெருத்துப்போகும். இது முன்னாலயும் பின்னாலயும் கேக்கும், பக்கவாட்டுல செவிடு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினார்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலெல்லாம் அடைத்து உட்கார்ந்தோம். முதல் துண்டு ஓடியது. இரண்டாவது துண்டு ஓடியது. விளக்குப் போட்டார்கள். டைரக்டர் முந்திக்கொண்டார். "முதல்ல எஞ்சினியர் சொல்லட்டும். அவருக்குத்தானே பாம்புச் செவி? எது எந்த மைக், எது நல்லாயிருக்கு?"

அங்கே ஊசி கிடையாது. பெட்டி கிடையாது. அந்த மனிதரும் அவர் காதும் மட்டும்தான். குத்துமதிப்பாகச் சொல்லலாம், பாதிக்குப் பாதி பலித்துவிடும். தப்பிப்போனால் அவர் கோடும் போச்சு, என் பாட்டும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் எழுந்து கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க கேட்டுச்சு" என்றார்.

டைரக்டர் முதலாளியைப் பார்த்தார். பிறகு முதலாளி சிரித்தார். அவர் சிரித்ததும் டைரக்டரும் சிரித்தார். படம் ஓட்டுகிறவர் உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. "எஞ்சினியருக்குக் குசும்பு பாருங்க" என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பிழைப்பையே எடுத்து முன்னால் வைத்த மனிதரை நம்ப அங்கே ஒருவருமில்லை.

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "அம்மணி, எதுங்க?" என்று கேட்டார்.

யாருடைய காதையும் நம்பாத மனிதர் என் காதைக் கேட்டார். நான் எழுந்து நின்றேன். "முதல்ல வந்தது கண்டென்சருங்க. மேல போறப்ப தகரம் கீறுது. ரெண்டாவது ரிப்பன். அதுதானுங்க என்ற கொரலு" என்றேன்.

"பின்னால வந்ததுதான் நீள இழைப் பஞ்சு" என்றார் முதலாளி. உள்ளேயிருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டாவது ரிப்பன்தான். டைரக்டர் சிகரெட் பற்றவைக்க வெளியே போனார். நான் அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மற்றப் பாட்டுகள் அத்தனையையும் நானே பாடினேன். முதல் பாட்டுக்குப் போட்ட செட்டைப் பிரித்துவிட்டதால், அது மட்டும் பழைய மைக்கில் எடுத்தபடியே படத்தில் தங்கிவிட்டது.

அவருடைய பெயர் முன்னைவிடப் பெரிதாயிற்று. எல்லாம் தெரிந்தும், அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாராம். ஸ்டுடியோவில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கண்ணாடி ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். ஏதாவது கீச்சுச் சத்தம் விழுந்திருந்தால் நான் மணிக்கட்டைத் தடவிக்கொள்வேன். "ஒன் மோர்" என்று அவர் குரல் வரும். வேறு எதற்காகவும் அவரிடம் நான் நெருங்கிப் பேசியதில்லை. யுத்தம் வந்து பிலிம் கிடைக்காமல் ஸ்டுடியோவை மூடிய பிறகு அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

போன வருஷம் என் மருமகள் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குக்கர் விசில் எனக்குக் கேட்பதில்லை என்று அவளுக்குக் குறை. டாக்டர் சின்னப் பையன். காதில் போன் மாட்டி, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். கடைசியில் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார். கட்டம் போட்ட காகிதம். கோடு நேராக வந்து, கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி விழுந்திருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்ததும், டாக்டர் பயந்துபோய் மருமகளைப் பார்த்தார்.

அன்றைக்குச் சிரித்ததோடு சரி. ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அந்த முதல் பாட்டு வந்தது. ஜன்மத்துக்கும் அதைக் கேட்கக் கூடாது என்றிருந்தவள் நான். எழுந்து போகலாம் என்று பார்த்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

தகரம் இல்லை. ஆணி இல்லை. மேலே போகப் போகக் குரல் உருண்டு, இளநீர் மாதிரி இறங்கியது. அவ்வளவு இனிமையான குரல் எனக்கு இருந்ததே எனக்குத் தெரியாது. அன்றைக்கு எஞ்சினியர் கேலியும் செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்.

மருமகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தாள். "அத்தை, காது கூசுதுங்க. கொஞ்சம் கொறைக்கட்டுங்களா?"

"கொறைக்காத கண்ணு" என்றேன். "இன்னொரு திருகு எச்சா வை."